மைக்கேல்மஸ் தவணைக்குப் போகும் பிள்ளைக்கு

அக்டோபர் பிறந்த கையோடு இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கப் போகிறாய். அங்கே இலையுதிர்காலத் தவணைக்கு மைக்கேல்மஸ் என்று பெயர். செப்டம்பர் 29இல் வரும் புனித மைக்கேல் திருநாளை ஒட்டி வைத்தது. பாடம் நடப்பது எட்டே வாரம். டிசம்பர் தொடங்கியதும் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். 1209இல் தொடங்கிய பல்கலைக்கழகம் எண்ணூறு வருஷமாகச் சேர்த்துவைத்த பழக்கவழக்கங்களில் பாதியை அந்த எட்டு வாரத்துக்குள் உன்னிடம் காட்டிவிடும். அந்த ஊரில்தான் நான் மாணவியாக இருந்தேன், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், தலையும் அங்கேயே நரைத்தது. பாடம் கடினம் என்று தடுமாறிய பிள்ளைகளைவிடக் கூச்சத்தால் தடுமாறியவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே படிப்பைப் பற்றி இதில் கொஞ்சம்தான் இருக்கும்.

1. தெரியாததை முதல் வாரத்திலேயே கேட்டுவிடு. கணிதமேதை ராமானுஜன் 1914இல் ட்ரினிட்டி கல்லூரிக்கு வந்தார் அல்லவா? ஒரு குளிர்காலத்தில், கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் அவர் அறைக்குப் போனார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே மஹலனோபிஸ்தான். இரவில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மஹலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன. எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தது. அந்த ஊர் வழக்கம் அது. விரிப்பை விலக்கி, கம்பளிக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்.

கேம்பிரிட்ஜின் பெரிய கணிதர் ஹார்டியையே திகைக்கவைத்த மூளை அது. அவருக்கே ஒரு படுக்கையைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கிறது. உனக்கும் இருக்கும். ஹீட்டரை எப்படித் திருப்புவது, துணி துவைக்க எந்தக் கார்டு, டாய்லெட்டில் பூட்டு ஏன் மாட்டிக்கொள்கிறது, லெக்சர் பத்து மணிக்கா பத்து ஐந்துக்கா? (பத்து ஐந்துக்கு. முடிவதும் ஐந்து நிமிஷம் முன்னால்.) முதல் வாரத்தில் எல்லோருமே புதியவர்கள், எதைக் கேட்டாலும் யாரும் வியக்கமாட்டார்கள். கேட்காமல் விட்டது நாலாம் வாரத்தில் கழுத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் இரண்டாம் வருஷத்தார் இருவரைக் 'காலேஜ் அம்மா அப்பா' என்று சேர்த்துவிடுவார்கள். விளையாட்டுக்காகச் செய்தாலும் பயனுள்ள ஏற்பாடு. உன் அசட்டுக் கேள்விகளை எல்லாம் அவர்கள் தலையில் கட்டு.

2. போர்ட்டரையும் பெட்டரையும் பெயர் சொல்லி அழைக்கப் பழகு. கல்லூரி வாசலிலேயே போர்ட்டர்ஸ் லாட்ஜ் இருக்கும். சாவி, தபால், பார்சல், தொலைந்த கார்டு, நடுராத்திரி ஆம்புலன்ஸ், எல்லாம் அந்த அறை வழியாகத்தான். உன் குப்பையை எடுத்து அறையைத் துடைக்க வருபவரை அங்கே 'பெட்டர்' என்பார்கள். அவர் உன் வேலைக்காரி அல்ல. இரண்டு நாள் நீ கதவைத் திறக்காவிட்டால் முதலில் கவனிக்கக் கூடியவரும் அவர்தான்.

ஒரு பையனின் அப்பா ஊரில் திடீரென்று காலமானார். செய்தி வந்தபோது கேம்பிரிட்ஜில் ராத்திரி இரண்டு மணி. அவனை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தது, பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டது, ஹீத்ரோவுக்கு டாக்ஸி சொன்னது எல்லாம் இரவு ஷிஃப்டில் இருந்த போர்ட்டர். மாணவர் நலனைக் கவனிக்கும் ட்யூட்டருக்கே காலையில்தான் தெரியும். தினமும் வணக்கம் சொல்லிப் போன பையன் என்பதால்தான் உதவினார் என்று சொல்லமாட்டேன். முகம் பார்க்காமல் போனவனுக்கும் அவர் அதையே செய்திருப்பார். ஆனால் அந்த நேரத்தில், கண்ணீரோடு அவர் முன்னால் போய் நிற்க அவனுக்குத் தோன்றியதே, அது தினமும் பேசிய பழக்கத்தால் தோன்றியது.

3. முற்றத்துப் புல்லில் கால் வைக்காதே. ஃபெலோக்கள், அதாவது கல்லூரியின் ஆசிரிய உறுப்பினர்கள், மட்டும்தான் நடக்கலாம் என்பார்கள். இதில் நியாயம் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. எல்லா விதிகளோடும் மல்லுக்கு நிற்க எட்டு வாரம் போதாது. உன் கோபத்தைத் தகுதியான விதிகளுக்காக மிச்சம் வை.

4. கவுனைப் போட்டுக்கொள், அது யாருக்கெல்லாம் கிடைக்காமல் இருந்தது என்பதையும் தெரிந்துகொள். பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர்க்கும் மெட்ரிகுலேஷன் அன்று கவுன் என்ற அங்கியை மாட்டிவிட்டு, கையெழுத்து வாங்கி, அடுக்கடுக்காக நிற்கவைத்து வருஷப் புகைப்படம் எடுப்பார்கள். ராத்திரி விருந்து. பெரும்பாலான கல்லூரிகளில் கறுப்புக் கவுன். ட்ரினிட்டி பிள்ளைகளுக்குக் கருநீலம். புதிதாக வாங்காதே, படிப்பு முடிந்து போகிறவர்கள் பாதி விலைக்குத் தருவார்கள்.

பெண்களுக்கென்று கர்ட்டன் கல்லூரி 1869இலும் நியூனம் கல்லூரி 1871இலும் தொடங்கின. அங்கே படித்த பெண்கள் ஆண்களோடு அதே பரீட்சையை எழுதினார்கள்; 1890இல் பிலிப்பா ஃபாசெட் கணிதப் பரீட்சையில் எல்லா ஆண்களையும் தாண்டி மதிப்பெண் வாங்கினார். பட்டம் மட்டும் தரமாட்டார்கள். 1897இல் தரலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. ஆண் மாணவர்கள் சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைச் செய்து, வாக்கெடுப்பு நடந்த செனட் ஹவுஸுக்கு எதிரே தொங்கவிட்டார்கள். தீர்மானம் தோற்றதும் அதைப் பிய்த்து எறிந்து கொண்டாடினார்கள். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்குப் பட்டம் கிடைத்தது 1948இல்தான். அந்த வீதியில்தான் நீ சைக்கிளில் போகப் போகிறாய். புகைப்படத்தில் உன்னை எந்த ஓரத்தில் நிறுத்தினாலும் நிமிர்ந்து நில். 'இந்த இடம் என்போன்றவருக்கு இல்லையோ' என்ற எண்ணம் வந்தால், அதைச் சட்டமாகவே எழுதிவைத்திருந்த காலத்தில் வந்து உட்கார்ந்து படித்தவர்களை நினைத்துக்கொள்.

5. 'புரியவில்லை' என்று வாய்விட்டுச் சொல். கேம்பிரிட்ஜ் படிப்பின் உயிர்நாடி சூப்பர்விஷன். வாரந்தோறும் ஒரு கட்டுரையோ கணக்குத் தாளோ முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பிறகு ஆசிரியரின் அறையில் நீயும் இன்னும் ஓரிருவரும் மட்டும். ஒரு மணி நேரம். நீ எழுதியதில் ஒரு வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார். "இங்கே என்ன சொல்ல வந்தாய்?" என்பார். மடக்குவதற்காகக் கேட்பதில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் விடையை ஒப்பித்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி அடியாக விழும்.

என்னிடம் ஒரு மாணவி வந்தாள். பள்ளியில் எப்போதும் முதலிடம். நான் எது சொன்னாலும் தலையாட்டுவாள், வேக வேகமாகக் குறிப்பெடுப்பாள். நாலு வாரம் இப்படியே ஓடியது. ஐந்தாம் வாரம் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "இரண்டாம் வாரத்திலிருந்தே எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்றாள். உதடு நடுங்கியது. கெட்டிலைப் போடுகிற சாக்கில் நான் எழுந்து முதுகைத் திருப்பிக்கொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு நேரம் வேண்டுமே. அப்புறம் அந்த இரண்டாம் வாரத் தாளை எடுத்தோம். அவள் சறுக்கியிருந்தது ஒரே ஒரு வரியில். அதைத் தாண்டியதும் மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. தலையாட்டிக்கொண்டே இருந்த வாரங்களில் அவளுக்கு நான் எந்த உதவியும் செய்ய முடியவில்லை, எங்கே சறுக்கினாள் என்றே எனக்குத் தெரியாது.

வாரக் கட்டுரைக்கு வாங்கும் மதிப்பெண் பட்டத்தில் சேராது. பரீட்சை மே, ஜூனில். தப்பாகச் சொல்லிப் பார்ப்பதற்கென்றே உனக்கு ஒதுக்கிய மணி நேரம் அது. வைத்தியரிடம் போய் உட்கார்ந்து வலியே இல்லை என்று சாதிப்பவரைப்போல் அங்கே உட்காராதே. கணினியிடம் எழுதி வாங்கிய கட்டுரையையும் கொண்டுபோகாதே. மூன்று பேர் இருக்கும் அறையில் ஒளிய இடம் கிடையாது.

6. நன்றாகப் பேசுகிறவர்களைப் பார்த்து மிரளாதே. பேர்பெற்ற தனியார் பள்ளிகளிலிருந்து வரும் சில பிள்ளைகள் பதினெட்டு வயதிலேயே சபைக் கூச்சம் தீர்ந்தவர்கள். படிக்காத புத்தகத்தைப் பற்றியும் பத்து நிமிஷம் சரளமாகப் பேசுவார்கள். அது ஒரு திறமை. உனக்கும் வரும், கற்றுக்கொள். அறிவு என்று மட்டும் எண்ணி மலைத்துவிடாதே.

இதில் வான்இயற்பியலாளர் சந்திரசேகரின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல், பத்தொன்பது வயதில், ட்ரினிட்டிக்கு வந்தார். கப்பலில் வரும்போதே வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்குப் போட்டிருந்தார். அதே கல்லூரியின் ஃபெலோ எடிங்டன், அன்றைய வானியலில் பெரிய பெயர். வேலை எப்படிப் போகிறது என்று அவ்வப்போது அன்பாக விசாரிப்பார். 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் தன் முடிவைச் சொல்லி அமர்ந்ததும், எடிங்டன் எழுந்து அதைக் கேலி செய்தார். சபை சிரித்தது. இப்படிப் பேசப்போகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கவில்லை. காலம் சந்திரசேகர் பக்கம் நின்றது. 1983இல் நோபெல் பரிசு. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வருஷம் நடந்தது. எடிங்டன் நூற்றாண்டுக்கு உரையாற்ற அவரை அதே ட்ரினிட்டிக்கு அழைத்தார்கள். வந்தார். தன் காலத்தின் தலைசிறந்த வான்இயற்பியலாளர் என்று எடிங்டனை மதித்துப் பேசினார், அவர் தவறிய இடத்தையும் மறைக்காமல் சொன்னார். பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார் என்று உன் கணக்கை அழித்துவிடாதே. அவர்மேல் பகையை ஐம்பது வருஷம் சுமக்கவும் வேண்டாம்.

7. விருந்துக்குப் போ, ஆனால் உன் கோப்பை உன் கையில் இருக்கட்டும். ஃபார்மல் ஹால் என்பது கவுன் போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிடும் ராச்சாப்பாடு. பந்திக்கு முந்துவது நம் ஊரில் சரி. அங்கே மணியடித்து, ஃபெலோக்கள் உள்ளே வந்து, லத்தீனில் பிரார்த்தனை சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். வரிசையாகக் கிடக்கும் கத்தி முள்கரண்டிகளில் வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடு. கவுன் கையை மடித்துக்கொள், சூப்பில் தோயும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே குறித்துவிடு.

பென்னியிங் என்று ஒரு பழைய விளையாட்டு உண்டு. உன் கோப்பைக்குள் யாராவது ஒரு பென்னிக் காசைப் போட்டுவிட்டால், ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டுமாம். பல கல்லூரிகள் தடைசெய்தும் முழுக்க ஒழியவில்லை. நீ குடிப்பவரோ இல்லையோ, அது உன் விஷயம். ஆனால் இன்னொருவர் போட்ட காசுக்காகக் குடிக்காதே. தண்ணீர் ஜாடியைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு சிரித்தபடி மறுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மேஜையில் ஒருவர் மறுத்துவிட்டால், மறுக்க நினைத்திருந்த இன்னும் இரண்டு பேருக்கும் வாய் வரும்.

8. வருகிறேன் என்று சொன்னால் வந்து நில். நவம்பரில் விடிந்தும் விடியாத நேரத்தில் கேம் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார். ஒல்லியான ஆறு, இரண்டு பெரிய படகுகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டியிட அகலம் கிடையாது. அதனால்தான் மற்ற தவணைகளில் பின்னால் வரும் படகு முன்படகை இடிக்கும் பந்தயம் வைத்திருக்கிறார்கள். மைக்கேல்மஸில் புதியவர்களுக்குத் தனியே எம்மா ஸ்பிரிண்ட்ஸ், ஃபேர்பேர்ன் என்று பந்தயங்கள். அதற்காக வாரக்கணக்கில் விடியலில் பயிற்சி. ஒரு படகில் துடுப்புப் போட எட்டுப் பேர், திசை பார்த்துக் குரல் கொடுக்கும் காக்ஸ் ஒருவர். அந்த ஒன்பதில் ஒருவர் தூங்கிவிட்டால் மீதி எட்டுப் பேரும் படகுக் கொட்டகை வாசலில் கையை உரசிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். படகைத் தோளில் சுமந்து தண்ணீரில் இறக்குவதற்கே எட்டுப் பேர் வேண்டும்.

அப்படி ஒரு நாள் வராமல் போனவனை யாரும் திட்டவில்லை. காக்ஸ் பெண் மட்டும் அவனிடம், "எங்களில் எவருக்கும் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை" என்றாளாம். அதற்குப் பிறகு கொட்டகைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து திறந்தவன் அவன்தான். நீ துடுப்புப் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஏடிசி நாடக அரங்கு இருக்கிறது, 1815 முதல் நடக்கும் யூனியன் விவாத மன்றம் இருக்கிறது, உலகத்தில் உள்ள எல்லாப் பைத்தியத்துக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. சங்கங்கள் ஆள் சேர்க்கும் சொசைட்டீஸ் ஃபேரில் நீட்டுகிற தாளில் எல்லாம் மின்னஞ்சலை எழுதிக் கொடுக்காதே. இரண்டு போதும். அந்த இரண்டுக்கும் ஒழுங்காகப் போ.

9. தனியே சமைத்துத் தனியே சாப்பிடாதே. அறைகள் அங்கே மாடிப்படி மாடிப்படியாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொரு மாடிப்படிக்கும் ஒன்றாக ஜிப் ரூம் என்று ஒரு குட்டிச் சமையலறை இருக்கும். சில கல்லூரிகளில் ஒரு மைக்ரோவேவும் சின்ன மின்அடுப்பும்தான். கறிவேப்பிலை, புளி, உளுத்தம்பருப்பு எல்லாம் மில் ரோட்டுப் பக்கம் கிடைக்கும். தாளிக்கும்போது மட்டும் கவனம்: கடுகு வெடிக்கும் முன்னால் எண்ணெய்ப் புகை போதும், தீ மணி அலறிவிடும். ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு ஒரு பையன் ரசத்துக்குத் தாளித்து, முழு மாடிப்படியும் பைஜாமாவோடு முற்றத்தில் நின்றது. மணி நின்றதும் அவன் பேசாமல் அறைக்கு ஓடிவிடவில்லை. பானையைத் தூக்கிவந்து, இதற்காகத்தான் உங்களை எழுப்பினேன் என்று எல்லோருக்கும் காபிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான். அந்த மாடிப்படிக்கு மாதம் ஒரு ரசம் வழக்கமாகிவிட்டது, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு.

ராமானுஜனும் தன் அறையில் தானே சமைத்தார். போர்க்காலத்தில் காய்கறிக்கே பஞ்சம். வேலை மும்முரத்தில் வேளை தவறிய சாப்பாடு. 1917இல் நோயில் விழுந்தவர் முழுதாக எழவே இல்லை. 1918இல் ட்ரினிட்டி அவரை ஃபெலோ ஆக்கியது. 1920இல் ஊரில் காலமானார். நோய்க்குக் காரணம் இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார இன்னும் நாலு பேர் இருந்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

10. தீபாவளி எப்போதும் தவணைக்கு நடுவில்தான் வரும். லீவு கிடையாது, உன் அதிர்ஷ்டத்துக்கு அன்றைக்கு இரண்டு சூப்பர்விஷன்கூட இருக்கும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்காதே. மாடிப்படிக்கு இனிப்பு வாங்கிக் கொடு, ஏன் என்று கேட்பவருக்குச் சொல். நவம்பர் 5ஐ ஒட்டி அவர்களும் வெடி வெடிப்பார்கள். 1605இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த சதி முறிந்த நாளை இன்னும் கொண்டாடுகிறார்கள். மிட்சம்மர் காமன் புல்வெளியில் ஊரே கூடி வாணவேடிக்கை பார்த்த நவம்பர்கள் பல எனக்கு நினைவிருக்கின்றன. அவர்கள் பண்டிகைக்கு நீ போ, உன் பண்டிகைக்கு அவர்களைக் கூப்பிடு.

11. ஐந்தாம் வாரம் வரும், பயப்படாதே. அதற்கு அங்கே பெயரே இருக்கிறது: 'வீக் ஃபைவ் ப்ளூஸ்'. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். நவம்பர் கடைசியில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். காற்று யூரல் மலையிலிருந்து தடையில்லாமல் நேரே வருகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். புவியியல் எப்படியோ, காதுக்கு அது உண்மையாகத்தான் படும். புதுமோகம் தீர்ந்திருக்கும், கட்டுரைகள் பாக்கி நிற்கும், உன்னைத் தவிர எல்லோரும் கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள். அந்த வாரத்தில் எதையும் முடிவு செய்யாதே. பாடத்தை மாற்றுவது, படிப்பை விடுவது, காதலை முறிப்பது எல்லாவற்றையும் தவணை முடிந்தபிறகு வைத்துக்கொள்.

வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நட. ஆற்றோரப் புல்வெளி வழியாகக் கிரான்செஸ்டர் கிராமத்துக்குப் போய்த் திரும்பினால் ஒரு மத்தியானம் நல்லபடியாகக் கழியும். தூக்கத்தைத் திருடி எழுதிய கட்டுரையை நானே எத்தனையோ திருத்தியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பாடக் கவலைக்கு டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ், மற்ற எல்லாக் கவலைக்கும் ட்யூட்டர். இந்த இருவரையும் வேண்டுமென்றேதான் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், உன் மதிப்பெண்ணைப் பார்க்கிறவரிடம் உன் மனசைச் சொல்லக் கூசுவாய் என்று. கல்லூரி நர்ஸ் இருக்கிறார். பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள் படுக்கையை விட்டு எழ மனசு வரவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல. நாலாவது நாள் காலை இவர்களில் ஒருவர் கதவைத் தட்டு. தனியே போகத் தெம்பில்லாவிட்டால் பக்கத்து அறைப் பிள்ளையைக் கூட்டிப் போ. உன் பக்கத்து அறைக் கதவு மூடியே கிடந்தாலும் இதே கணக்குத்தான், அப்போது தட்ட வேண்டியது நீ.

12. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11ஐ ஒட்டி எல்லோர் சட்டையிலும் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ இருக்கும். நீ குத்திக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம். ஆனால் ஏதாவது ஒரு கல்லூரிச் சேப்பலில், போரில் இறந்தவர்களின் பெயர்ப் பலகையைப் போய்ப் பார். எல்லாம் உன் வயதுப் பெயர்கள். கிங்ஸ் சேப்பலில் ஃபெரென்ஸ் பெகாஷி என்ற ஹங்கேரிய மாணவரின் பெயரைத் தனியே பொறித்திருப்பார்கள். அந்தக் கல்லூரியில் படித்தவர், 1915இல் எதிரணிப் படையில் போரிட்டு இறந்தவர். கல்லூரிக்கு அவரை மற்றவர்களோடு சேர்த்து எழுதவும் மனமில்லை, விட்டுவிடவும் மனமில்லை. நீ தினமும் போகப்போகிற பெரிய நூலகம் 1934இல் திறந்தது. முதல் உலகப்போரின்போது அந்த நிலத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கான மருத்துவமனை இருந்தது.

13. ஒரு மாலையாவது கிங்ஸ் சேப்பலில் ஈவன்சாங் என்ற மாலைப் பாடல் வழிபாட்டைக் கேள். பாடும் சிறுவர்களில் சிலருக்கு உன் இடுப்பு உயரம்தான் இருக்கும். கிறிஸ்தவப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. எழும்போது எழு, உட்காரும்போது உட்கார், போனை அணைத்துவை. தவணை டிசம்பர் முதல் வாரத்திலேயே முடிவதால் இவர்கள் நவம்பர் கடைசியிலேயே கிறிஸ்துமஸைக் கொண்டாடித் தீர்த்துவிடுவார்கள். பிரிட்ஜ்மஸ் என்று செல்லப் பெயர். ஒருவருக்கொருவர் பரிசு வாங்குவார்கள். உன் கையிருப்புக்கு மேல் செலவழிக்காதே. உன் பெட்டருக்கு ஒரு கார்டும் சாக்லேட்டும் மட்டும் மறக்காதே.

14. வீட்டுக்குப் பேசும்போது நிஜத்தைச் சொல். அம்மாவிடம் எல்லாம் சூப்பர் என்று சொல்லிவிட்டு ஜிப் ரூமில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். உன் அம்மா நீ நினைப்பதைவிடத் தைரியசாலி. குளிராக இருக்கிறது, இந்த வாரம் கட்டுரை சரியாக வரவில்லை, நேற்று ஒரு ஜோக் புரியாமல் சிரித்தேன் என்று சின்னச் சின்ன நிஜங்களைச் சொல்லிப் பழகினால், பெரியதைச் சொல்ல வேண்டி வரும் நாளில் தடை இருக்காது.

15. கிளம்பும் வேலையை நவம்பரிலேயே தொடங்கு. கடைசி வெள்ளிக்கிழமை ஊரே பெட்டியும் கையுமாக ரயில் நிலையத்தில் நிற்கும். இளைஞர் ரயில்கார்டு எடுத்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். நூலகப் புத்தகங்களைத் திருப்பிவிடு, விடுமுறைக்கு வேண்டியதைப் புதிதாக எடுத்துக்கொள். முதல் வருஷப் பிள்ளைகள் விடுமுறையில் ஊர்சுற்றிவிட்டு ஜனவரியில் முழிப்பார்கள். கம்பளி, பாத்திரம், சைக்கிள் ஹெல்மெட் எல்லாவற்றையும் இந்தியாவுக்குச் சுமந்து வராதே. வெளிநாட்டுப் பிள்ளைகளின் சாமானை வைக்கக் கல்லூரியில் இடம் இருக்குமா என்று லாட்ஜில் கேள். சீக்கிரம் நிரம்பிவிடும், ஆறாம் வாரத்துக்குள் கேட்டுவிடு.